தெற்குப் பள்ளியில் பிரிவினை ஒழிந்த வரலாறு

அடிமை முறை ஒழிந்தது, பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, பெர்லின் சுவர் விழுந்தது. இந்த வரிசையில் அடுத்ததாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டியது, ரைன் நதிக்கரையிலுள்ள ஒரு நகரத்தின் கல்வி அலுவலகம் 2008ஆம் ஆண்டு எடுத்த முடிவு. நகரத்தின் பெயர் வேண்டாம். தன்னடக்கம் மிகுந்த நகரம், கூச்சப்படும்.

அதுவரை ரயில் பாதைக்கு வடக்கே குடியிருந்த பிள்ளைகள் வடக்குப் பள்ளிக்குப் போனார்கள். தெற்கே குடியிருந்தவர்கள் தெற்குப் பள்ளிக்கு. வடக்கே துருக்கியர், அல்பேனியர், ஈழத்திலிருந்து வந்த நம்மவர். தெற்கே ஜெர்மானியர். இதைப் 'பிரிவினை' என்று எந்தப் பண்பாளரும் சொன்னதில்லை, 'வட்டாரம்' என்றார்கள். முப்பது வருடம் வட்டாரமாக வாழ்ந்த பிறகு அலுவலகத்துக்கு ஞானம் பிறந்தது. எல்லையை நீக்கிவிட்டார்கள். இனி எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் போகலாம். தேநீரில் சர்க்கரை போலப் பிள்ளைகள் தாமாகவே கலந்துவிடுவார்கள். கரண்டியை யார் பிடிப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பாண் சுடும் தொழிற்சாலையின் ஓய்வறையில் இந்தச் செய்தியைப் படித்த உருத்திரமூர்த்திக்குப் புல்லரித்தது. அவருடைய மகள் தேனுஜா அந்த வருடம்தான் முதலாம் வகுப்பு. வடக்குப் பள்ளியில் சேர்ந்தால் நாலாம் வகுப்போடு தரம் பிரித்து அவளைத் தொழிற்கல்விப் பக்கம் தள்ளிவிடுவார்கள். தெற்குப் பள்ளியில் சேர்ந்தால் டாக்டர். இரண்டுக்கும் நடுவே மனிதப் பிறவிக்கு வேறு வழி இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"எங்கட பிள்ளை ஜெர்மன் பிள்ளையளோட கலந்து படிக்க வேணும்," என்றார் மனைவி ரஞ்சினியிடம்.

"அப்ப பக்கத்து வீட்டு எலிஃப்? ரெண்டும் ஒண்டாப் போறதெண்டு ஒரே நிறத்தில பை வாங்கி வச்சிருக்குதுகள்."

"அது துருக்கிப் பிள்ளையப்பா. அதோட என்னத்தைக் கலக்கிறது?"

கலப்புக் கல்வியின் தத்துவத்தை இத்தனை விரைவாகக் கிரகித்த குடிமகனை நகரம் அதுவரை கண்டதில்லை.

"சரி. ஆனா ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ," என்றாள் ரஞ்சினி. "நாவூறு பட்டால் இடம் கிடைச்ச மாதிரித்தான்."

உருத்திரமூர்த்தி மூச்சு விடவில்லை. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பரராசசிங்கம் அண்ணை கேட்டபோதும் விடவில்லை.

"என்ன தம்பி, மகளை எங்க சேர்க்கிறியள்?"

"இஞ்ச பக்கத்திலதான் அண்ணை. உங்கட கடைக்குட்டி?"

"நாங்களும் பக்கத்திலதான். எங்க படிச்சாலும் ஒரே படிப்புத்தானே?"

"ஓமோம், ஒரே படிப்புத்தான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் முருங்கைக்காயை ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். கோயிலில் சியாமளா அக்காவும் "ஒரே படிப்புத்தான்" என்றாள். அந்தக் கோடையில் இந்தச் சமத்துவக் கொள்கை நம்மவரிடையே தீயாய்ப் பரவியது.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. அந்த நாட்டு வழக்கப்படி, தன் உயரத்துக்கு ஒரு கூம்புப் பொட்டலம் நிறைய இனிப்பைக் கட்டிப்பிடித்தபடி தேனுஜா நடந்தாள். ரஞ்சினி காஞ்சிபுரம் பட்டு. உருத்திரமூர்த்தி கழுத்துப் பட்டி. பள்ளி வாசலில் பட்டுவேட்டியோடு நின்றவரைப் பார்த்ததும் அவர் அந்தப் பட்டியைச் சற்றுத் தளர்த்தினார்.

"அண்ணை... நீங்களுமோ?"

"பக்கத்திலதானே தம்பி," என்றார், இரண்டு பஸ் மாறி வந்திருந்த பரராசசிங்கம்.

அவருக்குப் பின்னால் சியாமளா அக்கா. அக்காவுக்குப் பின்னால் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஏறக்குறைய முழுதாக. மண்டபத்துக்குள் பட்டு சரசரத்தது. குத்துவிளக்கு ஒன்றுதான் குறை.

"அப்பா, எலிஃப் எப்ப வரும்?" என்றாள் தேனுஜா.

உருத்திரமூர்த்திக்குக் காதில் விழவில்லை. அவர் ஜெர்மன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று அகப்பட்டது. பெயர் மோரிட்ஸ். பையனை வேறு பள்ளிக்கு மாற்றக் குறித்துக் கொடுத்த தேதியை அவன் தாய் மறந்துபோனாள்; அந்த மறதியால் அவன் வரலாற்றில் இடம்பெற்றான். பத்திரிகைப் புகைப்படக்காரர் அவனை நடுவில் நிறுத்தி எடுத்தார், ஓரத்தில் நிறுத்தி எடுத்தார், மறுபடி நடுவுக்கு இழுத்தார்.

"ஏலாது!" என்று கத்தினான் மோரிட்ஸ்.

அரை மணி நேரத்தில் நம் பிள்ளைகளிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். ஒருங்கிணைப்பு இத்தனை வேகத்தில் நடந்ததை எந்தப் பல்கலைக்கழகமும் பதிவு செய்ததில்லை. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கல்வி அலுவலகத்தின் அதிகாரியம்மா ஃபிராவ் ஹாகெடோர்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறி, பிரிவினை இன்றோடு ஒழிந்தது என்று அறிவித்தார்.

இறங்கி வந்தவரை உருத்திரமூர்த்தி மறித்தார்.

"ஜெர்மன் பிள்ளைகள் எங்கே?"

"அவர்களும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயன்படுத்தினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தேவாலயப் பள்ளி இருக்கிறது."

"ஏன் போனார்கள்?"

"புதிதாகச் சேர்கிறவர்களின் பெயர்களைப் பெற்றோர் குழு பார்த்தது. பெயர்கள் சற்று நீளம் என்று கருதினார்கள்."

உருத்திரமூர்த்திக்குச் சுட்டது. "நாங்கள் துருக்கியர் இல்லையே! பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மரியாதையான ஆட்கள்!"

"உங்களைப் பற்றி அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை," என்றார் ஃபிராவ் ஹாகெடோர்ன் கனிவாக. "பிள்ளையின் எதிர்காலம் என்றுதான் காரணம் எழுதினார்கள். நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

அவரும் அதைத்தான் எழுதியிருந்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தத் தேவாலயப் பள்ளிக்கு விண்ணப்பப் படிவம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால், அவருக்குப் பின்னால் பரராசசிங்கம் அண்ணை நின்றார். அண்ணைக்குப் பின்னால் வரிசை வாசல்வரை போயிருந்தது.

அந்த நகரத்தில் பிரிவினையை யாரும் யார்மீதும் திணிக்கவில்லை. எல்லாரும் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.