பல்லி டாக்டர் எழுதிய ரிப்போர்ட்

புதுச்சேரியில் பொய்யாக முதுகு வலித்த அத்தனை பேரையும் மருந்தே இல்லாமல் குணப்படுத்திய ஒரே மனிதர் எங்கள் பல்லி டாக்டர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவர் கையெழுத்திலிருந்து கண்டுபிடிக்கப் பல முறை முயன்றேன், முடியவில்லை.

நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவு கிளார்க். விபத்தில் கழுத்து போச்சு, முதுகு போச்சு என்று நஷ்டஈடு கேட்பவர்களை வெளி டாக்டர் ஒருவர் பார்த்து, நிஜமா பொய்யா என்று கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். ஃபைலோடு போய்க் கூடவே உட்காருவது என் வேலை.

மற்ற டாக்டர்கள் சுத்தியலால் முட்டியைத் தட்டுவார்கள். இவர் தட்டமாட்டார். கழுத்துப் பட்டையோடு வந்தவரை உட்கார வைத்து ஊர்க்கதை பேசுவார். நடுவில் குரலைத் தாழ்த்தி, "அசையாதீங்க. உங்க தலைக்கு மேல பல்லி" என்பார். பல்லி என்றால் பார்க்காமல் இருக்க நம் ஆட்களால் முடியுமா? மூன்று மாதமாகத் திரும்பாத கழுத்து அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கும். "வுவாலா", அதாவது 'இதோ பார்த்தீங்களா', என்று பேனாவை எடுப்பார் டாக்டர். அவர் பிரெஞ்சு படித்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

விஷயம் வக்கீல்களுக்கு எட்டிவிட்டது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் நன்றாகப் பாடம் படித்திருந்தார். பல்லி என்றதும் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். டாக்டர் முகம் தொங்கிப்போனது. அப்போது பார்த்து நிஜப் பல்லி ஒன்று வந்தவருடைய உச்சந்தலையில் பொத்தென்று விழுந்தது. மனிதர் நாற்காலியில் ஏறிக் குதித்து, சட்டையை உதறி, பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, "டாக்டர், தலைல உழுந்தா இன்னா பலன்?" என்று கேட்டார்.

"கிளெய்ம் கெடைக்காது" என்றார் டாக்டர்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் செங்கேணியம்மா வந்தார். தவளக்குப்பத்தில் தெருத்தெருவாக மீன் விற்பவர். ஆட்டோவில் போகும்போது பின்னால் லாரி இடித்த நாளிலிருந்து தலைவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பல்லி என்றதும் தாராளமாக அண்ணாந்து பார்த்து, "எங்க சார்?" என்றார். போதாததற்கு, அவர் மீன் நிரம்பிய அலுமினிய அன்னக்கூடையோடு நடந்து போவதை எங்கள் மேனேஜர் ஆள் வைத்துப் போட்டோ எடுத்திருந்தார். நான் ஃபைலை மூடிவிட்டேன்.

டாக்டர் மூடவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னக்கூடை இடுப்புல இருக்குதே. ஏம்மா?"

"தலைல வச்சா மண்ட வெடிக்கிது சார், கண்ணுல பூச்சி பறக்குது. இடுப்புல வச்சிக்கினு ரெண்டு தெருவுக்கு மேல போவ முடியல. முன்னல்லாம் பதினஞ்சு தெரு போவேன். கேஸும் போச்சின்னா நான் இன்னா பண்றது?"

"இடுப்போ தலையோ, சுமை சுமைதானே டாக்டர்?" என்றேன் நான். சும்மா கிடந்த சங்கை ஊதியது என் தப்பு.

மறுநாள் காலை டாக்டர் வரச்சொன்னபடி போனால், தவளக்குப்பத்தில் இரண்டு அன்னக்கூடை சங்கரா மீன் காத்திருந்தது. அறுபதைத் தாண்டிய டாக்டர் சட்டையை டக் இன் செய்துகொண்டு, தலையில் துண்டைச் சுருட்டிய சும்மாடோடு நின்றார். என் பெயர் அவருக்கு நினைவிருந்ததே இல்லை. "கம்பெனி, நீங்க இடுப்புல எடுத்துக்குங்க. நான் தலைல" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கிளம்பிவிட்டார்.

முதல் தெருவில் நான் நான்கு தடவை இடுப்பு மாற்றினேன். இரண்டாவது தெருவில் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பேண்ட் முழுக்க மீன் தண்ணீர். சுற்றிலும் பூனைகள். டாக்டர் ஐந்து தெரு சுற்றிவிட்டு, யாரோ கேட்டார்கள் என்று அரைக் கிலோ விற்றும்விட்டு வந்து நோட்டை எடுத்தார். "எப்போலேந்து வலி?"

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினார்: "தலையில் சுமக்க முடிந்த யாரும் இடுப்பில் சுமக்கமாட்டார்கள். கம்பெனி ஊழியரை வைத்தே சோதித்தாயிற்று. தலைவலி உண்மை." மேனேஜர் அதைப் படித்தார், கோணிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிளெய்ம் பாஸான செய்தியைக் கேட்டு செங்கேணியம்மா டாக்டரைப் பார்க்க வந்தார், நானும் இருந்தேன். வந்தவர் சொன்னார். "எல்லாரும் பொய்யி பொய்யின்னு சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். நெசமாவே வலிக்குதான்னு."

"சந்தேகப்படறதுக்கு எனக்கு கம்பெனி ஃபீஸ் குடுக்குது" என்றார் டாக்டர். "நீங்க எதுக்கும்மா ஓசில சந்தேகப்படறீங்க?"

அந்த அம்மா தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

என் இடுப்பு சரியாக ஒரு வாரம் ஆனது. அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் மட்டும் இன்னும் குணமாகவில்லை.