நொடிக்கு நூறு தடவை

மதிப்புக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் இந்த வாரத்தில் நான்காவது முறையாக வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கு நீங்களும் அக்காவும் நலமா என்று முந்தைய மூன்று கடிதங்களிலும் கேட்டேன், பதில் இல்லை. தொழில் விஷயத்தைப் போனில் பேசமாட்டேன், காகிதத்தில்தான் பேசுவேன் என்ற உங்கள் பிடிவாதத்தால் தினம் ஒரு கூரியர் அனுப்புகிறேன்.

அத்தான், நடந்ததை மறுபடியும் சொல்கிறேன். எங்கள் திரவ சோப்பு ஆலையில் பம்ப் அறையில் ஒரு கன்ட்ரோலர், தொட்டிக்கு ஒரு கன்ட்ரோலர். பம்ப் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு வழியாக, "தொட்டி நிறைந்ததா?" என்று கேட்க வேண்டும், "நிறைந்தது" என்று பதில் வந்ததும் பம்ப்பை நிறுத்த வேண்டும். முப்பது வருஷம் இதே புரோகிராம் எழுதிய உங்களுக்குத் தெரியாததா? ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் யார் மதிப்பார்கள், அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் என்று, நான் நொடிக்கு நூறு தடவை கேட்கும்படி எழுதிவிட்டேன். கேட்டது, கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. பதிலே வரவில்லை. பம்ப்பும் நிற்கவில்லை. தொட்டி வழிந்து தரையெல்லாம் சோப்பு. "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? தண்ணிய அடிச்சுக் கழுவு!" என்று சூப்பர்வைசர் கத்த, நானும் புத்தி கெட்டுப்போய்க் குழாயைத் திறந்தேன். ஐயோ அத்தான்! நுரை முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, ஜன்னலுக்கு வந்தது. "என்ன சத்தம் இங்க?" என்று கதவைத் திறந்த மேனேஜர் இரண்டடி வைத்தார், காணாமல் போனார். இழுத்து வெளியே போட்டதும், "திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றும் பார்க்கவில்லை, முகம் முழுக்க நுரை.

கார்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், நூறு போதவில்லையோ என்று இருநூறாக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அவளிடம் இன்னும் சொல்லவில்லை, "சட்டை ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்று சந்தேகமாகக் கேட்கிறாள். பதில் சொல்லாத கார்டும் பதில் போடாத நீங்களும் ஒரே அச்சு. மன்னிக்கவும், வயிற்றெரிச்சலில் எழுதிவிட்டேன். எனக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது அத்தான்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு நீண்ட ஆயுளும், எழுதுகிற பேனா ஒன்றும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
பம்ப் அறையிலிருந்து மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா போனில் கூப்பிட்டாள். "டேய், உன் மொதல் லெட்டர் வந்த அன்னைக்கே அவர் பதில் எழுத உக்காந்தாருடா. பாதி எழுதறதுக்குள்ள ரெண்டாவது வந்துச்சு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சாரு. அப்புறம் மூணாவது வந்துச்சு. மனுஷனை எழுத விடேன்!" என்றாள். அந்தக் கார்டும் இப்படித்தான், புதுக் கேள்வி வரும்போதெல்லாம் பாதிப் பதிலை விட்டுவிட்டு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பித்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு கன்ட்ரோலரிடம் ஓடி, ஒரு தடவை கேள், பதில் வரும்வரை அடுத்ததைக் கேட்காதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். தொட்டி நிறைந்தது, பம்ப் தானாக நின்றது. மேனேஜர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உள்ளே மட்டும் வரவில்லை. ஆகவே அத்தான், இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.