உலுக்கியாரும் ஒன்பது அந்தோணிசாமிகளும்

தருமபுரி மாவட்டத்தில் புளிய மரத்தை உலுக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத மரத்தை உலுக்கிச் சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. எங்களுக்கு அவர் உலுக்கியார்.

எண்பதுகளின் பிற்பகுதி. தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், பம்புசெட் கடை மாடியில் எங்கள் கம்பெனி. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., வாசலில் ஆறு ஜோடி செருப்பு. தூசி பட்டால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். பிறர் எழுதும் புரோகிராமுக்குள் பொருத்திக்கொள்ளும்படியான சின்ன டேட்டாபேஸ் ஒன்றைச் செய்து விற்றோம். கொடுத்த விவரத்தை வைத்திருந்து, கேட்டபோது தேடித் தரும் சரக்கு. அதற்கு விளக்கப் புத்தகம் எழுதுவது என் வேலை.

அதன் உயிர், தற்காலிக வேலையில் இருந்த எங்கள் புரோகிராமர் ஸ்டீபன் எழுதிய மரம். பட்டியலை முதலிலிருந்து புரட்டாமல், அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை என்று மூன்று நான்கு தாவலில் பெயரைப் பிடிக்கும் 'இண்டெக்ஸ்' ஏற்பாடு. இலை நிறைந்தால் இரண்டாகப் பிரியும். காலியானால் பக்கத்து இலையோடு சேரும். ஒன்று முதல் பத்தாயிரம் வரை எண்களைப் போட்டுப் பார்த்து, மரம் ஆடவில்லை என்று ஸ்டீபன் அறிவித்திருந்தான்.

ஆட்டிச் சோதிப்பதற்குத்தான் உலுக்கியார். இலை பிரிகிற நேரம் பார்த்து மெயின் சுவிட்சை அணைப்பார்.

"ஏன் சார் இப்படிப் பண்றீங்க?" என்பான் ஸ்டீபன்.

"தருமபுரியில கரண்ட்டு உங்ககிட்ட சொல்லிட்டுங்களா போவுது?"

நூறு பெயர் கொள்ளும் இலையை நாலு பெயராகச் சுருக்குவார். "பெரிய பஸ்ல நெரிசல் தெரியாதுங்க. ஆட்டோவுல ஏத்துனாத்தான் எவன் தொங்குறான்னு தெரியும்."

எண்களை அவர் மதிப்பதே இல்லை. "நம்பருக்கு சொந்தபந்தம் கெடையாதுங்க. மனுசப் பேரு வேணும்." அதற்கு அவர் கண்டுபிடித்த சுரங்கம், கல்யாணப் பத்திரிகை. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பெயர். முகூர்த்த நாள் தவறாமல், முன்பின் தெரியாத கல்யாணங்களுக்குப் போய்ப் பத்திரிகை வாங்கிவந்து, துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார். அதியமான்கோட்டைக் கல்யாணம் ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். பந்தலில் ஒருவர் மறித்தார்.

"நீங்க பொண்ணு வூடுங்களா, மாப்பிள்ளை வூடுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. இண்டெக்ஸ் வூடு."

அவர் ஒரு கணம் யோசித்தார். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. மொதல்ல சாப்புடுங்க."

அந்த வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, நோயாளிகள் பதிவேட்டுக்கு எங்கள் மரத்தைக் கேட்டது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். 'தேறியது' என்று உலுக்கியார் கையெழுத்துப் போட்டால்தான் மரம் போகும். மரம் போனால்தான் ஸ்டீபன் வேலை நிரந்தரம். நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் மகளைத் தரமாட்டேன் என்று அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். வந்துவிடும் என்ற தைரியத்தில் பத்திரிகை மட்டும் அடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பத்திரிகையை உலுக்கியாரிடம் நீட்டினான் ஸ்டீபன். "கட்டாயம் வரணும் சார்."

உலுக்கியார் மணமகள் பெயரைப் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண் நேரே உறவினர் வரிசைக்குப் போனது. இரண்டு வீட்டாரின் ஊர்க் கோயிலும் அந்தோணியாருடையது. பத்திரிகையில் ஒன்பது அந்தோணிசாமிகள்.

பத்து நிமிஷத்தில் ஒன்பது பேரும் மரம் ஏறினார்கள். பிறகு ஒரு பெரியப்பாவை அழித்தார். தேடிப் பார்த்தால் பெரியப்பா அப்படியே இருக்கிறார். ஒன்பதில் ஒருவரான பெண்ணின் அப்பாவைக் காணோம்.

"ஸ்டீபன், உங்க மாமனார் போயிட்டாருங்க."

ஸ்டீபன் பதறி எழுந்தான்.

"மரத்துலங்க."

ஒரே பெயர் இலையை நிரப்பி அடுத்த இலைக்கும் வழிந்ததும், எவர் எந்த அந்தோணிசாமி என்று மரத்துக்குத் தெரியவில்லை. அகப்பட்டவரை அழித்துவிட்டது. எண்களில் அந்தச் சிக்கல் வராது, ஏழு ஒன்றுதான்.

"வூட்டுல ஒம்போது அந்தோணிசாமிய வெச்சிக்கிட்டு, ஒன்னு ரெண்டு மூணுன்னு டெஸ்ட் பண்ணியிருக்கீங்களே!"

"சார், திங்கக்கெழமை... கல்யாணம் சார்."

"கல்யாணம் நடக்கட்டுங்க. மரம் தேறல."

முதலாளி வந்து கத்தினார். "ஒரே பேருல அத்தனை பேரு ஆஸ்பத்திரிக்கு எங்கய்யா வரப்போறாங்க?"

"கம்பைநல்லூர் பஸ்ஸுல ஒரு நடைக்கு நாலு மாதையன் எறங்குவாங்க. ஒரு மாதையனுக்கு எழுதுன ஊசிய இன்னொரு மாதையனுக்குப் போட்டா, நீங்க பதில் சொல்றீங்களா?"

முதலாளி கீழே டீ குடிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை முழுவதும் ஸ்டீபன் மரத்தைப் பிரித்துக் கோத்தான். ஒவ்வொரு பெயரோடும் நோயாளியின் சீட்டு எண்ணை முடிந்துவைத்தான். இனி எந்த இரண்டு பேரும் ஒன்றல்ல. ஞாயிறு பூசைக்குப் போகாமல் வந்தவன் கண்ணில் முதலில் பட்டது, வாசலில் கிடந்த உலுக்கியாரின் செருப்பு. அன்று நல்ல முகூர்த்தம். அப்படிப்பட்ட நாளில் அவர் ஆபீசுக்கு வந்து நான் பார்த்தது அது ஒருமுறைதான். கோப்பிலிருந்த அத்தனை பத்திரிகைகளையும் ஏற்றினார், அழித்தார், சுவிட்சை அணைத்தார். திங்கட்கிழமை காலை 'தேறியது' என்று கையெழுத்துப் போட்டார். மரம் ஆஸ்பத்திரிக்குப் போனது. உத்தரவு மாமனாரிடம் போனது.

கல்யாணத்துக்கு உலுக்கியார் பென்சிலோடு வந்தார். ஒவ்வோர் அந்தோணிசாமியாகத் தேடிப்போய்க் கும்பிட்டு, பத்திரிகையில் டிக் அடித்தார். ஒன்பதாவது ஆள் பெண்ணின் அப்பா. அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பொண்ணு வூடு இல்லியே. யாரு வூடுங்க?"

உலுக்கியார் வாய் திறப்பதற்குள், மாலையும் கழுத்துமாய் நின்ற ஸ்டீபன் சொன்னான்: "எங்க வூடுங்க மாமா."

உலுக்கியார் ஒன்பதாவது டிக்கை அடித்து, பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பத்திரிகைகளும் துளை போட்டு வரிசையாக இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.