அடுக்களை வாசல் வரை தெரிகிற திரை

மேலப்பாளையம்,
21.6.1998

அன்பும் மரியாதையும் மிக்க மீரா முகைதீன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஜீஷான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, உம்மா, உங்கள் மனைவியும் என் லாத்தாவுமான நஸீமா, உங்கள் மகள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே சார்ஜாவில் நீங்களும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். சாரல் விழுகிறது, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பிரதாயம் இத்தோடு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் நீங்கள் கொடுத்த பழைய லேப்டாப்பையும், போன மாதம் பாத்து மாமி மகனிடம் கொடுத்தனுப்பிய புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் புதியதைக் கடைக்கே திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒப்பிட்டுவிட்டேன். பழையதில் சாய்வாக ஒரு கோடு போட்டால் அது மாடிப்படி மாதிரி ஏறுகிறது. அம்புக்குறியை வேகமாக நகர்த்தினால் காணாமல் போய், கொஞ்சம் கழித்து வேறு இடத்தில் முளைக்கிறது. எதிரே நேராக உட்கார்ந்தவனுக்குத்தான் படம். தலையை ஒரு சாண் நகர்த்தினால் வெள்ளை கறுப்பாகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கு அது ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு, அவ்வளவுதான். புதியது ஆக்டிவ் மேட்ரிக்ஸ் திரை. ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டுப் புள்ளி. வரைபடத்தில் ஒரு தூணுக்குள் இருக்கும் கம்பிகளைத் தனித்தனியாக எண்ணலாம். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் கொஞ்சம் வெளுக்கிறதே தவிர, படம் கலையவில்லை. பொறியாளனாகச் சொல்கிறேன், இரண்டுக்கும் போட்டியே கிடையாது. புதியதுதான் உயர்ந்தது.

ஆகவே புதியதைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்காமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஆனாலும் கேட்பீர்கள், அதனால் சொல்லித் தொலைக்கிறேன். களக்காடு காசிலிங்கம் அண்ணாச்சியின் கல்யாண மண்டபம் கட்டும் வேலை நமக்குக் கிடைத்தால், சார்ஜாவில் கணக்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவதாக நீங்கள் லாத்தாவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். லாத்தாவும் தினம் ஒரு தடவை, "அண்ணாச்சி என்னலே சொல்லுதாரு?" என்று கேட்கத் தவறுவதில்லை. அண்ணாச்சி ஒன்றுமே சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வரைபடத்தைக் காட்டினால் "பாப்போம்" என்பார். அவர் வாழைத்தார் மண்டிக்காரர். ஏலத்தில் எந்தத் தாரையும் நேராகப் பார்க்கமாட்டார், நேராகப் பார்த்தால் விலை ஏறிவிடுமாம். எங்கோ பார்த்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார், ஆனால் எந்தத் தாரில் எத்தனை சீப்பு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டிலும் அதே பழக்கம்தான். நான் மேஜையில் லேப்டாப்பைத் திறந்தால் எதிரே வந்து உட்காரமாட்டார். பக்கவாட்டில் ஊஞ்சலில் இருந்துகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே வாஸ்து பேசுவார். ஈசானிய மூலையில் ஆரம்பித்தால் அக்னி மூலைக்கு வந்து சேர்வதற்குள் எனக்குப் பசி எடுத்துவிடும்.

இங்கேதான் வெட்கக்கேடு ஆரம்பிக்கிறது. மச்சான், எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய லேப்டாப்பில், அவர் பேசும்போதெல்லாம் நான் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரோடு இலவசமாக வருமே, தனியாளாக அடுக்குகிற ஆட்டம், அதுதான். ஊஞ்சலில் இருப்பவருக்குச் சிலேட்டுதானே தெரியும் என்ற தைரியம். நடுநடுவே "சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லி ஒரு சீட்டை நகர்த்துவேன். அவர் மனைவி, ஆச்சி, அடுக்களை வாசலில் நின்று, "பிள்ளை எவ்வளவு கவனமா எழுதிக்கிடுதுன்னு பாருங்க" என்று என்னைப் பாராட்டிச் சுக்குக்காப்பி கொடுத்திருக்கிறார்கள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

போன வியாழக்கிழமை புதியதை எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் நாங்குநேரி வரைக்கும் நின்றுகொண்டே போனேன், அந்த எரிச்சல் வேறு. அண்ணாச்சி ஊஞ்சலில், கணக்கப்பிள்ளை முத்துமாலை எனக்கு வலப்பக்கம் முக்காலியில், ஆச்சி வழக்கம்போல வாசலில். வரைபடத்தைக் காட்டினேன், "பாப்போம்" என்றார். ஈசானிய மூலை ஆரம்பித்தது. என் கை தானாகவே சீட்டுக்கட்டைத் திறந்துவிட்டது. திரை மாறியிருக்கிறது என்பது, அந்தத் திரையை ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்த எனக்கு, அந்த நேரத்தில் நினைவே வரவில்லை. கோணம் கோணமாக அளந்தவன் மச்சான் நான்.

கொஞ்ச நேரத்தில் வாஸ்து நின்றுவிட்டது. ஊஞ்சலும் நின்றது. முத்துமாலை முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரும் என் உழைப்பைப் பார்த்து மலைத்துப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்து, முகத்தை இன்னும் கடுமையாக வைத்துக்கொண்டேன். ஆட்டம் வேறு முட்டிக்கொண்டு நின்றது. அப்போது அண்ணாச்சி, ஜன்னலைப் பார்த்தபடியே, சொன்னார்:

"தம்பி, அந்தக் கிளாவர் பத்தைத் தூக்கி ஆட்டின் ஜாக்கி மேல வையும். நானும் அப்போலருந்து பாக்கேன், உம்ம கண்ணுலயே படமாட்டேங்கு."

நான் திரும்புவதற்குள் அடுக்களை வாசலில் இருந்து ஆச்சி, "அதுக்கு முன்ன அந்த டைமன் ரெண்டை மேல ஏத்தணும்லா?" என்றார்கள்.

அடுக்களை வாசல் என்றால் திரைக்குக் கிட்டத்தட்ட எழுபது டிகிரி கோணம் இருக்கும் மச்சான். அங்கிருந்து அது டைமனா ஆட்டினா என்று தெரிந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பரிசோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பதறிப்போய், கிளாவர் பத்தைத் தூக்கி ஜாக்கி மேல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மூடினேன். செருப்பைப் போட்டேனா, சொல்லிக்கொண்டு வந்தேனா, ஒன்றும் ஞாபகமில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து டெலிபோன் மணி அடித்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். உங்கள் மகள் "வாப்பா எப்ப வருவாங்க மாமா?" என்று கேட்டால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் சீட்டாடித் தோற்றது என் மானத்தை மட்டும் இல்லை, உங்கள் டிக்கெட்டையும் சேர்த்துத்தான். நேரில் இருந்தால் அடித்திருப்பீர்கள், அது எனக்கு எவ்வளவோ தேவலை. பழையதே எனக்குப் போதும். அதில் நான் ஒழுங்காக வேலை பார்த்தாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குச் சரியான தண்டனை. லாத்தாவிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விட்டுவிடாதீர்கள். நானே பையச் சொல்லிக்கொள்கிறேன், எப்போது என்று கேட்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் உங்களுக்கு நீடித்த ஆயுளையும், இப்படிப்பட்ட மைத்துனனைப் பொறுத்துக்கொள்ளும் மனதையும் தருவானாக. உடன் இருப்பவர்களுக்கு என் சலாம்.

தலைகுனிந்து,
ஜீஷான்

பின்குறிப்பு: தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று இந்தக் கடிதத்தைப் புதிய லேப்டாப்பில்தான் அடித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்து லாத்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. இப்போது நிமிராமலே, "சுக்குக்காப்பியையும் வாங்கிக் குடிச்சியாலே?" என்கிறது. முதல் வரியிலிருந்து படித்திருக்கிறது. காலையில் நான் மொட்டை மாடியில் இருந்தபோது வந்த டெலிபோன் அண்ணாச்சியுடையதாம். நானாக வாயைத் திறக்கட்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருக்கிறது. அண்ணாச்சி சொன்னது இது: "பழைய பொட்டியில தம்பி என்ன செய்யுதுன்னே எனக்கு மட்டுப்படல, அதான் இழுத்துக்கிட்டே போனேன். இதுல நான் இருக்க இடத்துலருந்தே எல்லாம் தெரியுது. மண்டபத்தை இதுலயே, என் ஊஞ்சல் பக்கத்துல இருந்து வரையச் சொல்லுங்க. சீட்டு ஆட்டத்தை அழிச்சிர வேண்டாம், ஆச்சி கேக்கா."

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். திருப்பி அனுப்புவது பழையதை. லாத்தா என்னைத் தள்ளிவிட்டு, கீரைக் கையோடு, ஒற்றை விரலால் தானே அடிக்கிறது:

டிக்கெட் போடுங்க. நஸீமா.