பிறந்தநாள் வட்டம்

மூன்றாவது ஆளுக்குக் கைகொடுத்தபோதுதான் வில்லமைன் அந்த வீட்டுப் பெண்ணாகிப்போனாள்.

"உங்க பெரியப்பா பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்துகள்," என்றார் ஒரு நெட்டையர்.

"நன்றி," என்றாள். வாய் முந்திக்கொண்டது.

அந்த நாட்டு வழக்கப்படி, பிறந்தநாள் வீட்டில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இருக்கும் அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும். நீங்கள் யார் என்று கேட்பது மரியாதையில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் உள்ளே வந்திருந்தாள்.

அவள் இசைப்பெட்டி அருங்காட்சியகத்தில் நிதி திரட்டும் இயக்குநர். அங்கே கூரை ஒழுகியது. வெள்ளிக்கிழமைக்குள் கொடையாளி கிடைக்காவிட்டால் நகராட்சி கட்டடத்தைப் பூட்டிவிடும். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, துலிப் கிழங்கு விற்றுச் செல்வந்தரான ஷூர்மன். படத்துக்கு நிற்காதவர், முகம்கூட யாருக்கும் தெரியாது. இன்று அவருக்குப் பிறந்தநாள்.

"அவரு யாரையும் பார்க்க மாட்டாரு," என்று காலையில் தலைமை இயக்குநர் சொல்லியிருந்தார். "ஆனா பிறந்தநாளுக்கு வந்தவங்கள வாசலோட அனுப்பற வீடு நம்ம நாட்டுல இல்ல. போய் உக்காந்துடு."

உட்கார்ந்துவிட்டாள். காப்பியும் ஒரே ஒரு துண்டு கேக்கும் வந்தன. எதிரே, பிறந்தநாள்காரருக்கென்று காகிதத் தோரணம் கட்டிய நாற்காலியில் பெரியவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கூரை.

பக்கத்து நாற்காலி அம்மாள் குனிந்தாள். "நீங்க எந்தத் தம்பியோட பொண்ணு?"

"கடைசித் தம்பி."

"அவர்தான் என் வீட்டுக்காரர்."

வில்லமைன் கேக்கைத் தட்டில் வைத்தாள். "அவருக்கும் அடுத்தவர்."

அம்மாளின் முகம் சிவந்தது. "ஆமாமா. ஒருத்தர் இருந்தாரு."

"எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் நெட்டையர். "தங்கமான மனுஷன். இப்ப எங்க இருக்காரு?"

இதற்கு ஓர் ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். "போய்ச் சேர்ந்துட்டாரு," என்றாள்.

வட்டம் முழுதும் கோப்பைகள் கீழே இறங்கின. அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். நெட்டையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு போனது?" என்றார் பெரியவர்.

"உங்க கடைசித் தம்பி," என்றாள் அம்மாள், விசும்பலோடு.

பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என் தம்பியா," என்று மெல்லக் கேட்டார். "ஐயோ பாவம்."

யாரோ எழுந்து ஒரு நிமிடம் மௌனம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இல்லாத அப்பாவுக்காகத் தலைகுனிந்து நின்ற வில்லமைனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. துக்க வீட்டில் எப்படிக் கூரை கேட்பது?

"ஐயா, அப்படி ஒரு தம்பியே இல்ல," என்றாள். "எனக்கு அப்பா வேற. நான் அருங்காட்சியகத்துல நிதி திரட்டறவ. பெட்டிகளுக்கு மேல பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருக்கோம். மழை பெய்யற ராத்திரியெல்லாம் நான் போய் வாளி மாத்தறேன். வெள்ளிக்கிழமை பூட்டிடுவாங்க. வேற யாருகிட்டயும் போக வழியில்லாமத்தான் இங்க வந்தேன்."

பெரியவரின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"இந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "நாய் மாதிரி அலையணும். உனக்குக் கண்டிப்பாக் குடுக்கணும். உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

சொந்தக்காரர்களின் முகங்கள் தொங்கிப்போயின. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கால் தரையில் பாவாமல் சமையலறைக்கு ஓடி, தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கூரை கிடைச்சாச்சு. அவரே கையப் பிடிச்சுச் சொன்னாரு. நகராட்சிக்கு இப்பவே சொல்லிடுங்க. பத்திரிகைக்கும் சொல்லிடுங்க."

மறுமுனையில் கைத்தட்டலே கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த பணிப்பெண் ட்ரூஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் ஐயா கேக் வாங்கி வெச்சுட்டு முதல் நாளே ஸ்பெயினுக்குக் கிளம்பிடுவாரும்மா, வட்டத்துல இருக்கறவங்க எல்லாருமே நன்கொடை கேக்க வந்தவங்கதான், அந்தத் தோரண நாற்காலியில இருக்கறவரு மிருகக்காட்சிசாலைக்காக வந்தவரு, இந்தத் தடவை அவருதான் முதல்ல வந்து உக்காந்தாரு."