கறிக்குச் செலவு

ஆங்கிலம் தெரியாமல் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் தமிழ் தெரியாமல் அவமானப்பட்டவன்.

சொந்த ஊர் கோவில்பட்டி. வேலை, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கூட வேலை பார்த்த கோகிலாவைக் காதலித்தேன். "தெக்கத்திப் பையனா?" என்று அவளுடைய பெரியப்பா முறுக்கிக்கொண்டார். அவரைப் பேசிச் சரிக்கட்டிக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் என் மாமியார்தான்.

முதல் விருந்துக்குக் காங்கேயம் கிளம்பும்போது மாமியார் போன் செய்தார். கோகிலா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"மாப்பிள்ளைங்களா? கோழி நம்மூட்டுலயே இருக்குதுங்க. செலவு மட்டும் வரும்போது கொண்டாந்துருங்க."

சுருக்கென்றது. விருந்துக்கு அழைத்துவிட்டுக் கோழிக்குக் காசு கேட்கிறாரே! (பெண்ணையே கொடுத்தவர், போகட்டும் என்று பெருந்தன்மை வேறு.) கோகிலா வருத்தப்படுவாளே என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. புது நோட்டுகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்து வீடு. பெரியப்பா ஏற்கெனவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "செலவு கொண்டாந்தீங்களா?" என்றார்.

உள்ளே போய் ஜமீன்தார் தோரணையில் கவரை நீட்டினேன். அவர் அதைப் பிரித்து அப்படியே மிக்சி ஜாரில் கவிழ்த்தார். நோட்டுகள் விழுந்தன.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதையவா அரைக்கறது?"

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்கூர்ல மல்லி, மொளகு, சீரகம், பட்டை, கிராம்பு எல்லாத்துக்கும் செலவுன்னுதானுங்க பேரு!"

வீட்டில் மசாலா சாமான் தீர்ந்திருந்தது. பக்கத்தில் கடையும் இல்லை. பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்தால் என் கதி அவ்வளவுதான்.

மாமியார் அலட்டிக்கொள்ளவே இல்லை. நோட்டுகளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, வரமிளகாயைக் கிள்ளி, சின்ன வெங்காயத்தை வதக்கி, மஞ்சளும் தேங்காய்ச் சில்லும் போட்டுக் கோழியைப் புரட்டினார். வாசனை வாசல்வரை போனது.

இலையில் விழுந்ததும் பெரியப்பா கேட்டார். "என்ன அம்மிணி, கறியில செலவே காணோம்?"

மாமியார் முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்குச் செலவு போட்டாச் சேராதுங்க. அதான் மொளகாய மட்டும் கிள்ளிப் போட்டேன்."

ஒரே வரி! கலர் மாறிப்போன துணிக்கு மூன்று பக்கம் சமாதானம் எழுதுகிறவன் நான். மனதுக்குள் அவர் காலில் விழுந்தேன். பெரியப்பா மூன்று முறை கறி வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் எனக்கென்று தனிச் சட்டியில் மசாலா இல்லாத கறி. (எனக்கோ பட்டை, கிராம்பு என்றால் உயிர்.) பெரியப்பா என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவது, "இவருதானுங்க நம்ம செலவில்லாத மாப்பிள்ளை" என்று. கேட்கிறவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். மாமியார் மட்டும் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். தோள் குலுங்குவது தெரியும்.