ப்ளீஸ் காத்த வலை

வலிக்குப் பீய்ச்சும் ஸ்ப்ரேயின் வாசம் எங்கே வந்தாலும் என் முழங்கால்தான் முதலில் திரும்பிப் பார்க்கும், பிறகுதான் நான். அந்த வாசத்துக்குள் கோர்படி கால்பந்து மைதானம் இருக்கிறது, புழுதி இருக்கிறது, கோல் கம்பத்துக்குக் கீழே கையுறையோடு ப்ளீஸ் நிற்கிறான். கோல் அடித்தவனிடமே ஓடிப்போய் "அச்சா மாரா, பையா" என்று இந்தியில் பாராட்டிக் கைகொடுத்த கோல்கீப்பர் இந்தப் பூமியில் அவன் ஒருவன்தான்.

ரயில்வே காலனித் தமிழ்ப் பையன், பத்தொன்பது வயது. எதற்கும் ப்ளீஸ் போடுவான், அதுவே பெயராகிவிட்டது. எங்கள் கிளப்பின் முதல் அணிக்கு அப்போதுதான் வந்திருந்தான். பந்தைப் பிடிக்கப் பத்துக் கை. கத்த ஒரு வாய் கிடையாது. கோல்கீப்பர் என்றால் முன்னால் நிற்பவர்களைக் கத்தி விரட்ட வேண்டும். நின்றதோ நாங்கள்: அவன் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள், மாதா கோயிலில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள். நாற்பத்திரண்டு வயதில், லெஃப்ட் பேக் என்ற பெயரில் கோலுக்கு இடப்பக்கம் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

முதல் மேட்ச். கார்னர் வருகிறது.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பின்னாடி ஒருத்தர் தனியா நிக்கிறாரு, ஜரா, கொஞ்சம் நீங்க..."

பந்து வலையில் கிடந்தது.

"இன்னும் ரெண்டே மேட்ச். கத்தலேன்னா நீ வெளியே" என்று கோச் இந்தியில் சீறினார். அந்த இடத்துக்கு கிளப் செக்ரெட்டரியின் தம்பி மகன் காத்திருந்தான். பந்தைக் கண்டால் பயம்; கையுறை மட்டும் வெளிநாட்டுச் சரக்கு.

கத்திப் பழகட்டும் என்று தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட ஒரு வாரம் அனுப்பினார் கோச். இவன் ஒவ்வொருவரிடமும் போய், "சீட் கொஞ்சம் இடிக்கும், மன்னிக்கணும்" என்றான். வாரக் கடைசியில் அவன் கூப்பிட்டால்தான் ஜனம் ஏறியது. கத்தல் மட்டும் வரவில்லை.

இரண்டாவது மேட்சில், கீழே விழுந்த எதிரணிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனான். கோல் திறந்தே கிடந்தது.

மூன்றாவதில் கடைசி நிமிடம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். தூரத்திலிருந்து ஒரு ஷாட். அவன் பார்வையை மறைத்துக்கொண்டு, நட்டுவைத்த மாதிரி நான்.

"டேய் கிழவா! குனி!"

நான் குனிந்தேன். எதிரணி குனிந்தது. லைன்ஸ்மேன் குனிந்தார். பந்து எங்கள் தலைகளைத் தாண்டி அவன் நெஞ்சில் போய்ச் சேர்ந்தது.

விசில் ஊதியதும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாலையில் அவன் அம்மா கேக்கோடு வந்தார். "மன்னிச்சிருங்கண்ணே, வீட்ல இப்படிப் பேசவே மாட்டான்."

கத்தவில்லை என்று அதுவரை புலம்பிய சீனியர்கள், மரியாதை இல்லை என்று செக்ரெட்டரிக்கு மனு எழுதினார்கள். கையெழுத்துப் போடாதவன் நான் ஒருவன். செக்ரெட்டரி தீர விசாரித்தார். கோலில் ப்ளீஸ் இருக்கட்டும். என் லெஃப்ட் பேக் இடத்துக்குத் தம்பி மகன் வரட்டும்.

பையைத் தூக்கினேன். மைதானத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து நடந்து, கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தேன்.

"டேய் கிழவா! பின்னாடி டெம்போ!"

துள்ளி ஒதுங்கினேன். டெம்போ சட்டையை உரசிக்கொண்டு போனது. புழுதி அடங்கியபோது அவன் கேட் வரை ஓடி வந்திருந்தான். பழைய குரலில் சொன்னான்:

"பாத்துப் போங்க, அங்கிள்... ப்ளீஸ்."